அப்பத்தாவின் முதுகு எப்படி இருக்கும்?

"அக்கா, எனக்கு வயது 23. ஊர் சிவகாசி. பி.காம் முடித்துவிட்டு ஒரு அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். எட்டாம் வகுப்பிலிருந்து அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன், பார்த்துப் பார்த்து வரைகிறேன். அப்பா பெட்டியில் சேர்த்து வைத்திருந்த முத்து காமிக்ஸ்தான் முதலில் பார்த்து வரைந்தது. கார்ட்டூன் பாத்திரங்களின் உருவத்தை வடிவமைக்கும் கேரக்டர் டிசைனர் ஆக வேண்டும் என்று ஆசை. ஆனால் யாரிடம் காட்டினாலும் 'இது அனிமே காப்பி, உன் ஸ்டைல் எங்கே?' என்கிறார்கள். என் வயதுப் பிள்ளைகள் இன்ஸ்டாகிராமில் போடுவதைப் பார்த்தால் வாரக்கணக்கில் பென்சிலைத் தொட மனசு வருவதில்லை. ஏஐ வேறு வந்துவிட்டது. வேலையை விட்டுவிட்டு, இரண்டரை லட்சம் கட்டி ஒரு வருட கோர்ஸில் சேரலாமா? வீட்டில் வரன் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். 'பொம்மை போடுறதெல்லாம் ஒரு வேலையா' என்று அம்மா கேட்கிறார். கொஞ்ச நாளாகக் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டும் வலிக்கிறது. என் படங்கள் பதினான்கை அனுப்பியிருக்கிறேன். உள்ளதைச் சொல்லுங்கள்."

அன்புத் தங்கைக்கு,

அக்கா என்று எழுதிவிட்டாய், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

பதினான்கு படங்களையும் திரையில் பெரிதாக்கி இரண்டு முறை பார்த்தேன். பதின்மூன்றில் அனிமே பெண்களும் வாள் வீரர்களும் இருக்கிறார்கள். கோடு சுத்தமாக இருக்கிறது. கண்ணும் முடியும் நன்றாகப் பழகிய கை. ஆனால் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது பதினான்காவது படத்தைத்தான். ஏதோ ஒரு பில் தாளின் பின்பக்கத்தில், பால்பாயிண்ட் பேனாவால், திண்ணையில் உட்கார்ந்தபடியே தூங்கும் ஒரு பாட்டியை வரைந்திருக்கிறாய். கோப்புக்கு 'அப்பத்தா சும்மா' என்று பெயர் வைத்திருக்கிறாய். ஒரு கால் மடங்கியிருக்கிறது, இன்னொரு கால் நீட்டியிருக்கிறது. பாம்படம் போட்டு வடிந்த காது தோள் வரைக்கும் தொங்குகிறது. பனை விசிறி கையிலிருந்து நழுவிவிட்டது, ஆனால் இரண்டு விரல் மட்டும் அதை விடவில்லை. அந்த இரண்டு விரலைப் பார்த்ததும் எனக்கு இந்தப் பாட்டி எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிட்டது. தூங்கும்போதும் வீட்டைக் காவல் காக்கிறவர். யாராவது வாசலில் செருப்பைக் கழற்றினால், கண்ணைத் திறக்காமலே 'யாரு?' என்பார்.

கேரக்டர் டிசைன் என்றால் அதுதான். மற்ற பதின்மூன்று படங்களில் அது இல்லை. காரணத்தை என் கதையிலிருந்தே சொல்கிறேன், உன் கதையும் அதுதான்.

2007இல் சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தேன். நானும் உன்னைப்போலப் பார்த்துப் பார்த்து வரைந்து வந்தவள்தான். இரண்டாவது வாரம், நான் வரைந்த ஒரு பையனை எங்கள் சீனியர் எடுத்துப் பார்த்தார். "நல்லா இருக்கு, டர்ன்அரவுண்ட் போட்டுட்டு வா" என்றார். ஒரு பாத்திரத்தை முன்பக்கம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, முதுகு என்று ஒரே உயரக் கோடுகளுக்குள் திருப்பித் திருப்பி வரைந்து காட்டும் தாளுக்குத்தான் அந்தப் பெயர். அது இல்லாமல் அனிமேட்டரோ, முப்பரிமாண மாடல் செய்கிறவரோ வேலையைத் தொட முடியாது. நான் உட்கார்ந்தேன். முன்பக்கம் இருந்தது. பக்கவாட்டு எப்படியோ வந்தது. முதுகு வரவில்லை. நெற்றியில் முள் முள்ளாக நிற்கும் அந்த முடி பின்னால் எங்கே போய் முடிகிறது? சட்டைக்குள் தோள் எலும்பு எங்கே இருக்கிறது? எதுவும் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான் ஒரு பையனை வரையவே இல்லை. வேறு ஒருவர் வரைந்த பையனின் முன்பக்கத்தை வரைந்திருந்தேன். அன்று இரவு எட்டரை மணி வரை உட்கார்ந்து அழித்து அழித்து வரைந்தும் வரவில்லை. மறுநாள் காலையில் எங்கள் தெருவில் இஸ்திரி வண்டிக்காரரின் பையன் நிற்பதைப் பார்த்தேன். முதல் முறையாக ஒரு சின்னப் பையனின் முதுகைப் பத்து நிமிடம் பார்த்தேன். அன்று மதியமே அந்தத் தாள் முடிந்தது.

அதனால் 'அனிமே காப்பி' என்று உன்னிடம் சொல்கிறவர்கள் பாதிதான் சரி. அனிமேயின் பாதிப்பு இருப்பது குறையே இல்லை. இன்னொருவர் பார்த்து முடித்ததை மட்டும் நீ பார்க்கிறாய், அவர் எதைப் பார்த்தார் என்று போய்ப் பார்க்கவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

ஜப்பான் காமிக்ஸ் ஓவியர் ஒசாமு தெசுகாவை எடுத்துக்கொள். நீ வரையும் பெரிய கண்களுக்கு அவர்தான் பெரிய காரணம். அவருடைய 'ஆஸ்ட்ரோ பாய்' என்ற இயந்திரப் பையன் 1963 ஜனவரி 1 அன்று ஜப்பான் தொலைக்காட்சிக்கு வந்தான். தெசுகா சின்ன வயதில் டிஸ்னி படங்களையும் ஃபிளைஷர் சகோதரர்களின் கார்ட்டூன்களையும் விழுந்து விழுந்து பார்த்தவர், அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். அதோடு நின்றிருந்தால் அவரும் டிஸ்னி காப்பிதான். ஆனால் அவர் வளர்ந்த ஊர் தகராசுக்கா. பெண்களே ஆண் வேடமும் போட்டு ஆடிப் பாடும் ஒரு நாடகக் குழு அந்த ஊரில் இருக்கிறது. அம்மா அவரை அங்கே அழைத்துப் போவார். கண்ணுக்கு அகலமாக மை தீட்டிய முகங்களை மேடை விளக்கில் பார்த்து வளர்ந்த பையன் அவர். அமெரிக்கக் கார்ட்டூனும் சொந்த ஊர் மேடையும் ஒரே கையில் சேர்ந்தபோதுதான் அந்தக் கண் பிறந்தது. நீ அந்தக் கண்ணை எடுத்துக்கொண்டாய். உன் ஊர் மேடையை எங்கே விட்டாய்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் ஸ்டைல் என்று மயங்கும் பல விஷயங்கள் வேலையில் வந்த சிக்கலுக்குக் கண்டுபிடித்த வழிகள். டிராகன் பால் என்ற ஜப்பான் காமிக்ஸ் கதாநாயகனின் கறுப்பு முடி ஒரு கட்டத்தில் பொன்னிறமாக மாறும், உனக்குத் தெரியும். அச்சுப் பக்கத்தில் அது வெறும் வெள்ளை. கறுப்பு முடியை ஒவ்வொரு கட்டத்திலும் மை போட்டு நிரப்ப உதவியாளருக்கு நேரம் போகிறது, அதை மிச்சப்படுத்தலாம் என்பதும் ஒரு காரணம் என்று அதை வரைந்த அகிரா தொரியாமாவே சொல்லியிருக்கிறார். ஆரம்பகாலத் தொலைக்காட்சி அனிமேயில் உடம்பு அசையாமல் வாய் மட்டும் அசைவதும், ஒரே ஓட்டக் காட்சி திரும்பத் திரும்ப வருவதும், வாராவாரம் குறைந்த பணத்தில் முடித்துக் கொடுக்க வேண்டிய கட்டாயத்தால் வந்தவை. காரணம் தெரியாமல் அதை எடுத்துக்கொண்டால், யாருக்கோ தைத்த சட்டையைப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

சரி, உன்னிடம் வேறு என்னென்ன பாதிப்பு இருக்கிறது? உனக்கே தெரியாத இரண்டை நான் பார்த்தேன். ஆறாவது படத்தில் இருக்கும் வில்லனின் தோளும் தாடையும் கத்தரித்த அட்டை மாதிரி கோணம் கோணமாக இருக்கின்றன. அது அனிமே இல்லை. நீ சுட்டி டிவி காலத்துப் பிள்ளை, தமிழில் பேசிய ஜாக்கி சான் கார்ட்டூன் தொடரைப் பார்க்காமல் வளர்ந்திருக்க மாட்டாய். அந்தத் தொடரின் பாத்திரங்களை வடிவமைத்தவர் ஜெஃப் மட்சுடா, அமெரிக்க காமிக்ஸிலிருந்து வந்த ஓவியர். அந்தக் கோணங்கள் உன் கைக்குள் எப்போதோ வந்துவிட்டன. அப்புறம், ஒன்பதாவது படத்தில் மூக்குக்குக் கீழே நீ போடும் அடர்ந்த கறுப்பு நிழல். அது அப்பாவின் பெட்டியிலிருந்து வந்தது. 1972இல் உன் ஊரிலேயே முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதலில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. ஆங்கிலத்தில் அதை வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ, மை நிழலில் பெரிய ஆள். ஒரு ஸ்பெயின்காரர் லண்டன் பத்திரிகைக்கு வரைந்தது சிவகாசியில் அச்சாகி, உன் அப்பா வழியாக உன் பேனாவுக்கு வந்திருக்கிறது. இதற்கு நீ வெட்கப்பட வேண்டியதில்லை. இது உன் சொத்துப் பட்டியல். உட்கார்ந்து அதை எழுதிப் பார்.

எழுதும்போது, நீ எழுத மறக்கப்போகிற சிலவற்றை நானே சொல்லிவிடுகிறேன்.

நீ வேலை பார்க்கும் ஊர் நாட்டுக்கே காலண்டர் அச்சடிக்கும் ஊர். அந்தக் காலண்டர் சாமிகளின் முகத்தை வரைந்தவர்களில் முக்கியமானவர் சி. கொண்டையராஜு, பக்கத்துக் கோவில்பட்டியில் இருந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து, கம்பெனி கலைந்ததும் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும்தான் நம் வீட்டுச் சுவர்களில் தொங்கியவர்கள். அந்தப் படங்களை இத்தனை நாள் பக்தியாகப் பார்த்திருப்பாய். ஒரு தடவை டிசைனராகப் பார். எழுத்துப் படிக்கத் தெரியாத ஒருவர் பத்தடி தள்ளி நின்று பார்த்தாலும் இது யார் என்று தெரிய வேண்டும். அதற்கு வேல், மயில், நிற்கும் விதம், உடம்பின் நிறம், கையில் இருக்கும் பொருள் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. பின்னால் தெரியும் மலையும் தூண்களும் நாடக மேடையிலிருந்து வந்தவை. உன் அச்சகத்தில் பழைய மாதிரிப் படங்கள் கிடந்தால் கேட்டு வாங்கிப் பார், சென்னையில் இருக்கும் எனக்கு அந்த வாய்ப்பு இல்லை.

தோல்பாவைக் கூத்து பார்த்திருக்கிறாயா? எங்கள் வேலையில் சிலுவெட், அதாவது நிழல் உருவம், என்று ஒரு சோதனை உண்டு. பாத்திரத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பிவிட்டு, அப்போதும் யார் என்று தெரிகிறதா என்று பார்ப்பது. தோல்பாவைக் கலைஞர்கள் இந்தச் சோதனையில்தான் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். விளக்குக்கும் திரைக்கும் நடுவில் ஆட்டுத்தோல், சாயம், துளைகள், வெட்டிய ஓரம். அவ்வளவுதான் அவர்களிடம் இருக்கிறது. உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் திரையில் வந்த உடனே, வாயைத் திறப்பதற்கு முன்பே பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்த வெட்டு ஓரத்தை ஒரு நாள் முழுக்கப் பார்த்து வரைந்தால் எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம் கிடைக்கும்.

கோபுலுவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. சுருக்கமாகச் சொல்கிறேன். தஞ்சாவூர்க்காரர், கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர், ஆனந்த விகடனில் வரைந்தவர். ஒரு வரி எழுத்துகூட இல்லாத சிரிப்புப் படங்களைப் போட்டார். அதில் மாமியார், வேலைக்காரர், மேனேஜர் எல்லாரும் நிற்கிற நிலையிலேயே பேசிவிடுவார்கள். தில்லானா மோகனாம்பாள் தொடருக்கு அவர் வரைந்த நாகஸ்வரக் கோஷ்டியைத் தேடிப் பார். கச்சேரி கேட்டு வளர்ந்த கண் அது, கோட்டிலேயே தெரியும்.

இதையெல்லாம் சொல்வதால், நாளையிலிருந்து அனிமேயை விட்டுவிட்டு வேட்டி கட்டிய பாத்திரங்களை மட்டும் வரை என்று சொல்லவில்லை. அது இன்னொரு வேஷம். உனக்குப் பிடித்த வாள் வீராங்கனையையே வரை. ஆனால் அவள் உட்காரும்போது உன் அச்சகத்தில் தாள் மடிக்கும் அக்கா எப்படி உட்காருகிறாரோ அப்படி உட்காரட்டும். வாளைப் பிடிக்கும் கையில், அப்பத்தா விசிறியைப் பிடித்த அந்த இரண்டு விரல் இருக்கட்டும். ஸ்டைலைத் தேடிப் போகாதே என்று நான் சொல்வது அதனால்தான். பார்த்ததைப் போட்டுக்கொண்டே இருந்தால், நாலு வருடம் கழித்து வேறு யாராவது உன்னிடம் 'இது உன் படம்தானே' என்பார்கள்.

வாரக்கணக்கில் பென்சிலைத் தொட முடியாமல் போவதைப் பற்றிக் கேட்டாய். அதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், எனக்கும் வந்தது. நீ பார்ப்பது அவர்களுடைய முடிந்த படம். ஒரு பாத்திரத்துக்கு நான் எத்தனை சின்னப் படம் போடுகிறேன் என்று யாரும் பார்ப்பதில்லை. கடைசியாக ஒரு விளம்பரத்துக்காகக் கிழட்டுக் காவலாளி ஒருவரை வரைய வேண்டியிருந்தது. தீப்பெட்டி அளவில் அறுபது போட்டேன். டைரக்டர் எடுத்தது நாற்பத்து மூன்றாவதை. மீதி ஐம்பத்தொன்பதும் மோசமான படங்கள் இல்லை, அந்த நாற்பத்து மூன்றாவதுக்குப் போகும் வழி. நீ ஒரே படத்தில் அங்கே போய்ச் சேரப் பார்க்கிறாய், முடியாதபோது உன்னையே வெறுக்கிறாய். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு, யாருக்கும் காட்டாத நோட்டு. மோசமான படங்களுக்கென்றே அதை வைத்துக்கொள். வரையும் நேரத்தில் போனை அடுத்த அறையில் வை. வாரக்கணக்கில் மனசு எதிலுமே ஒட்டாமல் போனால், தூக்கமும் சாப்பாடும் கெட்டால், அது வரைவதைப் பற்றிய பிரச்சினை மட்டும் இல்லை. ஒரு மருத்துவரிடம் பேசு, தள்ளிப்போடாதே.

ஏஐ பற்றி உனக்குப் பொய்யான தைரியம் சொல்ல மாட்டேன். என் கண்ணெதிரே சில வேலைகள் போய்விட்டன. கிளையண்டுக்குக் காட்டும் முதல் கட்ட 'மூட்' படங்களுக்கு முன்பு இரண்டு புதுப் பிள்ளைகளைக் கூப்பிடுவோம், இப்போது பல இடங்களில் கூப்பிடுவதில்லை. அழகான ஒற்றைப் படம் வரைவது மட்டுமே உன் பலம் என்றால் கஷ்டம்தான். ஆனால் பாத்திர வடிவமைப்பு ஒற்றைப் படத்தோடு முடிவதில்லை. இந்தக் கதையில் இந்த ஆள் ஏன் இப்படி நிற்கிறான் என்று டைரக்டருக்கு விளக்க வேண்டும். அவர் 'இவனுக்குக் கொஞ்சம் பயம் இருக்கணும்' என்பார். எங்கே மாற்றினால் பயம் வரும் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மற்ற ஐந்து பாத்திரங்களோடு வரிசையில் நிறுத்தினால் உயரமும் உருவமும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வேண்டும். முழங்கையை மடக்கினால் நகை எங்கே போகும் என்று, பாத்திரம் அசைவதற்கான மூட்டுகளைக் கணினியில் அமைக்கிறவர் கேட்பார். அதற்கெல்லாம் பதில் சொல்லக்கூடிய ஆள் இன்றும் வேண்டியிருக்கிறது.

கோர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது வேலையை விடாதே. இரண்டரை லட்சம் உங்கள் வீட்டில் சின்னப் பணம் இல்லை என்று உன் கடிதத்திலிருந்தே தெரிகிறது. பல ஒரு வருட கோர்ஸ்களில் பெரும்பகுதி மென்பொருள் பட்டன்களைக் கற்றுத் தருவதிலேயே போகும். உனக்கு இப்போது தேவைப்படுவது அது இல்லை. கிரிட்டா என்ற வரைகலை மென்பொருள் இலவசம். ஆரம்பநிலை பென் டேப்லெட் ஐயாயிரம் ரூபாய்க்குள் வாங்கலாம். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் என்று ஒரு வருடம் கொடு. அந்த வருடத்தில் மூன்றே மூன்று பாத்திரங்களை முழுசாக முடி. ஒவ்வொன்றுக்கும் சின்னப் படங்கள், டர்ன்அரவுண்ட், ஏழெட்டு முகபாவங்கள், நாலு செயல் நிலைகள், கைகள் தனியாக ஒரு பக்கம், கடைசியில் மூவரும் ஒரே வரிசையில். புதிதாக வருகிறவர்களின் போர்ட்ஃபோலியோவை நான் பார்க்கும்போது, முப்பது போஸ்டர் இருப்பதைவிட இப்படி மூன்று பேர் இருப்பதைத்தான் தேடுகிறேன். அழித்த கோடுகள் தெரியும் பக்கங்களையும் வை, உன் யோசனையை நான் பார்ப்பது அங்கேதான்.

முறையாகப் படிக்கவே ஆசை என்றால் ஒரு வழி இருக்கிறது. சீட் (CEED) என்ற வடிவமைப்பு நுழைவுத் தேர்வை மூன்று வருடப் பட்டம் முடித்தவர்களும் எழுதலாம், பி.காம் தடையில்லை. ஐஐடி மும்பையில் உள்ள ஐடிசி வடிவமைப்புப் பள்ளியில் அனிமேஷன் முதுகலைக்குப் போவது அந்த வழியில்தான். தேர்வில் வரைந்து காட்டும் பகுதியும் உண்டு. கடினமான தேர்வு. ஆனால் அதற்குப் படிக்கும் படிப்பே உன் கையையும் யோசனையையும் கூர்மையாக்கும்.

அம்மாவிடம் சண்டை போடாதே. அவர் கேட்டது நியாயமான கேள்வி. என் முதல் சம்பளம் 6,500 ரூபாய், என் அம்மாவும் அதே கேள்வியைத்தான் கேட்டார். இந்தத் துறையில் ஆரம்பச் சம்பளம் குறைவு, ப்ராஜெக்ட் முடிந்தால் வேலை முடியும் இடங்களும் உண்டு, அதை மறைக்காமல் வீட்டில் சொல். அதோடு ஒரு வருடம் அவகாசம் கேள். 'எனக்கு விருப்பம் இருக்கு' என்று மட்டும் கேட்காமல், 'இந்தத் தேதிக்குள் இதை முடிப்பேன், அதுவரை சம்பளத்தை வீட்டுக்குக் கொடுப்பேன்' என்று கேள். வரன் பேச வருகிறவர்களிடமும் நீ வரைகிறவள் என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடச் சொல். பின்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டு, அந்தப் பின்னால் வராமலே போன இரண்டு தோழிகளை எனக்குத் தெரியும். இரண்டு பேருமே என்னைவிட நன்றாக வரைந்தவர்கள்.

மணிக்கட்டு வலிக்கு இந்த வாரமே எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பார். கட்டைவிரல் பக்கத் தசைநாண் வீங்கினால் ஆரம்பத்தில் ஓய்விலும் பயிற்சியிலும் அடங்கலாம், வலியோடு வரைந்துகொண்டே இருந்தால் இழுத்துக்கொண்டே போகும். பகலெல்லாம் அச்சகத்தில் எழுதுகிறாய், ராத்திரி போனைக் கட்டைவிரலால் தள்ளுகிறாய், அப்புறம் வரைகிறாய், எல்லாம் அதே கைதான். பேனாவை இறுக்கிப் பிடிக்காதே. நீளக் கோடுகளை மணிக்கட்டிலிருந்து போடாமல் தோளிலிருந்து போடப் பழகு. கோடும் நன்றாக வரும்.

இப்போது உனக்கு ஒரு வேலை தருகிறேன். கை வலி குறைந்த பிறகு போதும். அப்பத்தா மறுபடியும் திண்ணையில் தூங்கும்போது, அதே பால்பாயிண்ட் பேனாவை எடுத்துக்கொண்டு முதலில் பக்கவாட்டில் போய் உட்கார். அப்புறம் முக்கால் பக்கம். கடைசியில் வீட்டுக்குள் போய் நிலைவாசலிலிருந்து அவர் முதுகை வரை. கொசுவம் எங்கே செருகியிருக்கிறது, கொண்டை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, தூணில் சாயும் தோள் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்த்துப் போடு. ஸ்கேன் செய்ய வேண்டாம், போனில் படம் எடுத்து அனுப்பினாலே போதும். எனக்கு அந்த முதுகைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா